பன்னீர் திராட்சைக்கு ஸ்பெயினில் உறவு!

ராஜபாளையம் கடைவீதி. மாலை நேரம். தள்ளுவண்டியில் கருநீலத் திராட்சை குவிந்து கிடக்கிறது. பக்கத்தில் போகும்போதே ஒரு மணம் மூக்கைத் தொடுகிறது.

"என்ன திராட்சை அண்ணாச்சி?"

"பன்னீர் திராட்சை, தாயி. கம்பத்துச் சரக்கு. ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க."

"கொட்டை இருக்குமே?"

"கொட்டை இருந்தாத்தான் தாயி பன்னீரு. கொட்டை இல்லாததுல இந்த மணம் ஏது?"

"நாளை மறுநாள் விசேஷம். அதுவரைக்கும் தாங்குமா?"

அண்ணாச்சி சிரிக்கிறார். "இன்னிக்கு ராத்திரியே சாப்பிட்டுடுங்க. இது யாருக்காகவும் காத்திருக்காது."

திராட்சையின் கதை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. காத்திருக்காத பழத்தைக் காத்திருக்க வைக்க மனிதன் செய்த முயற்சிகள் பல. அவற்றில் ஒன்றுதான் ஒயின். இன்னொன்று உலர்ந்த திராட்சை.

இதில் ஓர் அதிசயம் உண்டு. நம் ஊர்த் தள்ளுவண்டியில் இருக்கும் இந்தப் பன்னீர் திராட்சைக்கு ஸ்பெயின் தேசத்தில் மிக நெருங்கிய உறவு இருக்கிறது. அங்கே அந்த உறவினருக்குக் கிடைத்திருக்கும் மரியாதையே வேறு!

மலைக்கு அந்தப் பக்கம்

முதலில் நம் பழத்தின் ஊரைப் பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். செண்பகத்தோப்பு அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. சாம்பல் நிற அணில்களுக்குப் பெயர் பெற்ற காடு அது. 2021ஆம் ஆண்டு இந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. அதன் பரப்பு சுமார் 1,016 சதுர கிலோ மீட்டர்.

இந்த மலைக்கூட்டத்தின் ஒரு பக்கம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மறு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. பறவையாகப் பறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பம் 50 கிலோ மீட்டருக்குள்தான். ஆனால் லாரியில் வரும் திராட்சைக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை. தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று மலையைச் சுற்றிக்கொண்டுதான் நம் ஊருக்கு வரவேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவே அமைந்த பூமி. 1895ல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அங்கே பாய்கிறது. அந்தத் தண்ணீரும், மிதமான வெயிலும், மலைக்காற்றும் திராட்சைக்கு ஒத்துப்போயின.

கல் தூண்களை நட்டு, மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். பந்தல் மேலே கொடி. கீழே கொத்துக் கொத்தாகப் பழம். குனிந்து உள்ளே போனால் உச்சி வெயிலிலும் நிழல்தான்.

தமிழ்நாட்டில் திராட்சை பயிராகும் நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் பன்னீர் திராட்சைதான். கம்பம் பள்ளத்தாக்கில் 10 கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் அது பயிராகிறது. 2023ஆம் ஆண்டு "கம்பம் பன்னீர் திராட்சை" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பன்னீரின் ஜாதகம்

பன்னீர் திராட்சைக்கு உலக வழக்கில் "மஸ்கட் ஹாம்பர்க்" என்று பெயர். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பேர் பெற்ற பழம் இது. குளிர் தேசமான இங்கிலாந்தில் திராட்சையைக் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் வளர்ப்பார்கள்.

இதன் பெற்றோர் யார்? மரபணுச் சோதனை விடை சொல்லிவிட்டது. ஒன்று, "பிளாக் ஹாம்பர்க்" என்று ஆங்கிலேயர் அழைக்கும் கருந்திராட்சை. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டில் நட்ட இந்த இனத்துக் கொடி ஒன்று இன்றைக்கும் காய்க்கிறது. இன்னொன்று, "அலெக்சாந்திரியா மஸ்கட்" என்ற வெள்ளைத் திராட்சை. மிகப் பழைய இனம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் எல்லாம் பரவியது.

இந்த அலெக்சாந்திரியா மஸ்கட்டை ஸ்பெயின் நாட்டார் "மொஸ்கத்தேல்" என்கிறார்கள். தெற்கே மலாகாவிலும் கிழக்கே வாலென்சியாவிலும் அதற்குப் பெரிய மரியாதை. அதிலிருந்து இனிப்பான வெள்ளை ஒயின் செய்கிறார்கள். உலர்ந்த திராட்சையும் செய்கிறார்கள்.

நிறத்தைக் கரும்பெற்றோரிடமிருந்தும், மணத்தை வெள்ளைப் பெற்றோரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு பிறந்ததுதான் நம் பன்னீர்!

"பன்னீர்" என்று பெயர் வைத்தவர் யாரோ, மூக்கு கூர்மையானவராக இருக்கவேண்டும். ரோஜாவின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். மஸ்கட் குடும்பத்துத் திராட்சையின் மணத்திலும் அதே ஜெரானியால் இருக்கிறது. விஞ்ஞானி குழாயும் குடுவையும் வைத்துக் கண்டுபிடித்ததை நம் ஊர்க்காரர் முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்! ஆண்டாளுக்கு மாலை கட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வாசனையைப் பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

வெள்ளை ஒயின் என்பது என்ன?

ஸ்பெயினுக்குப் போகும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் என்கிறார்களே, வித்தியாசம் என்ன?

ஒரு பன்னீர் திராட்சையை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். தோல்தான் கருநீலம். உள்ளே இருக்கும் சதைக்கு அந்த நிறம் இல்லை. அநேகமாக எல்லாத் திராட்சையும் இப்படித்தான். நிறம் தோலில் இருக்கிறது.

பழத்தைத் தோலோடு புளிக்க வைத்தால் நிறம் இறங்கிச் சிவப்பு ஒயின் ஆகும். பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். பெயர்தான் வெள்ளையே தவிர, நிறம் இளம் மஞ்சளாகவோ இளம் பச்சையாகவோ இருக்கும்.

புளிப்பது எப்படி? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்கிறது. சர்க்கரை போய் அந்த இடத்தில் சாராயச் சத்தும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. நம் இட்லி மாவு பொங்குவதிலும் வாயு உண்டாவதுதான் காரணம். ஆனால் திராட்சைச் சாற்றில் சர்க்கரை ஏராளம். அதனால் போதை தரும் அளவுக்குச் சாராயச் சத்து சேர்ந்துவிடுகிறது.

சிவப்பைவிட வெள்ளைக்கு அதிகக் கவனிப்பு வேண்டும். சூடு பட்டால் மணம் பறந்துவிடும். காற்று பட்டால் நிறம் பழுப்பாகிவிடும். நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவது போலத்தான். அதனால் சாற்றைக் குளிர்ச்சியான தொட்டிகளில் வைத்து மெதுவாகப் புளிக்க வைக்கிறார்கள்.

வானம் பார்த்த பூமி

உலகத்தில் மிக அதிகமான நிலத்தில் திராட்சைக்கொடி இருக்கும் நாடு எது? பிரான்ஸ் என்பார்கள் பலர். இல்லை, ஸ்பெயின்தான்! 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் அங்கே திராட்சை. ஒயின் உற்பத்தியில் மட்டும் இத்தாலியும் பிரான்சும் அதை முந்துவது வழக்கம். காரணம், ஸ்பெயினின் பெரும்பகுதி வறண்ட பூமி. நிலம் அதிகம், விளைச்சல் குறைவு.

அந்த வறட்சிக்கு இலக்கணமான இடம் லா மாஞ்சா. 1605ல் செர்வாண்டிஸ் எழுதிய நாவலில் டான் குவிக்சாட் என்னும் கற்பனை வீரன் காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துப் போருக்குப் போவானே, அந்தப் பிரதேசம்தான். ஆண்டு முழுவதும் 400 மில்லி மீட்டர் மழை பெய்தால் பெரிய காரியம். கோடையில் நெருப்பு வெயில். குளிர்காலத்தில் உறைபனி.

அங்கே வளர்கிறது "ஐரேன்" என்ற வெள்ளைத் திராட்சை. பந்தல் கிடையாது. கொடி என்று கூடச் சொல்ல முடியாது. தரையோடு தரையாகச் சின்னப் புதராக நிற்கும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இரண்டரை மீட்டர் இடைவெளி விடுவது பழைய வழக்கம். அத்தனை மண்ணில் இருக்கும் ஈரத்தையும் ஒரு செடியே உறிஞ்சிப் பிழைக்கட்டும் என்று!

சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கரிசல் விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. மானாவாரிப் பருத்தியும் கம்பும் போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ஐரேனின் கஷ்டம் நன்றாகப் புரியும்.

2017ல் சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, ஐரேன் 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிராகிறது. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக நிலத்தில் இருந்த திராட்சை இதுதான். ஆனாலும் நெடுங்காலம் இதற்குப் பெயர் இல்லை. பிராந்தி காய்ச்சவும், மலிவு ஒயினாக மொத்தத்தில் விற்கவுமே பயன்பட்டது. பயிர் அதிகம் என்பதால் மட்டும் விவசாயிக்கு விலை கிடைத்துவிடாது என்பதற்கு ஐரேன் ஓர் உதாரணம்.

அங்கேயும் கல் தூண் பந்தல்!

ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்குப் போனால் காட்சி தலைகீழ். கலீசியா என்ற அந்தப் பகுதி அட்லாண்டிக் சமுத்திரக் கரையில் இருக்கிறது. ஆண்டுக்கு 1,500 மில்லி மீட்டருக்கு மேல் மழை. எங்கே பார்த்தாலும் பச்சை.

மழை அதிகமான இடத்தில் திராட்சைக்குப் பூஞ்சாணம் பெரும் பகை. என்ன செய்தார்கள் தெரியுமா? கருங்கல் தூண்களை நட்டார்கள். கம்பி இழுத்தார்கள். கொடியை ஆள் உயரத்துக்கு ஏற்றிப் பந்தல் போட்டார்கள். அடியில் காற்று தாராளமாக ஓடும், ஈரம் தங்காது.

கம்பத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால், "நம்ம தோட்டம் மாதிரியே இருக்கே!" என்றுதான் சொல்வார்.

அந்தப் பந்தலில் காய்ப்பது "அல்பரீன்யோ". தடித்த தோல், சிறிய பழம், நல்ல புளிப்பு. கடற்கரை மீன் உணவுக்கு இது பொருத்தம் என்பார்கள். 1988ல் ரியாஸ் பைஷாஸ் என்ற அந்தப் பகுதியின் பெயருக்கு அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்தது. அதுவரை உள்ளூரில் மட்டும் தெரிந்திருந்த பழம், அதன் பின் தேசம் தாண்டிப் புகழ் பெற்றது.

நடுராத்திரி அறுவடை

மத்திய ஸ்பெயினில் ருவேதா என்ற ஊர். அங்கத்துப் பழம் "வெர்தேஹோ". இதன் சாறு காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பாகிவிடும். பகல் வெயிலில் பறித்தால் சாறு சூடேறி மணம் கெடும். எனவே நள்ளிரவில் விளக்குப் போட்டுக்கொண்டு இயந்திரங்களை இறக்கி அறுவடை செய்கிறார்கள். பொழுது விடிவதற்குள் பழம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் ரியோஹாவிலிருந்து வந்த பெரிய ஒயின் நிறுவனம் ஒன்று இந்தப் பழத்தின் அருமையை உணர்ந்து, இங்கே புதுமுறையில் வெள்ளை ஒயின் செய்யத் தொடங்கியது. 1980ல் ருவேதா என்ற பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. இன்று ஸ்பெயினில் வெள்ளை ஒயின் என்றால் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று ருவேதா.

வடகிழக்கே கட்டலோனியாவில் மக்கபேயோ, ஷரெல்லோ, பரெல்லாடா என்று மூன்று பழங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்வது "காவா" என்ற நுரைக்கும் ஒயின். அதைப் புட்டியில் அடைத்த பின்பு அதற்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க வைப்பார்கள். அதில் உண்டாகும் வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கும். திறந்தவுடன் நம் கோலி சோடா போலப் பொங்கும். சோடாவில் வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். இதில் உள்ளேயே பிறக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். 1872ல் பிறந்த தொழில் இது.

ஏடு படியும் பீப்பாய்

தெற்கே ஹெரெஸ் நகரம். "ஷெர்ரி" என்று ஆங்கிலேயர் அழைக்கும் ஒயின் இந்த ஊரின் பெயரால் வந்தது. வெள்ளை வெளேர் என்ற சுண்ணாம்பு மண். மழைக்காலத்தில் குடிக்கும் தண்ணீரை அது கோடை வரை விடாமல் வைத்திருக்கும். அதில் "பலோமினோ" திராட்சை.

பலோமினோ ஒயினைப் பீப்பாயில் முழுக்க நிரப்பமாட்டார்கள். கொஞ்சம் இடம் விடுவார்கள். சில நாளில் மேலே வெள்ளையாக ஒரு படலம் பரவும். காய்ச்சிய பாலில் ஏடு படிவது போல! அந்த ஏடு ஈஸ்ட் உயிர்களால் ஆனது. ஸ்பெயின் மக்கள் அதைப் "பூ" என்கிறார்கள். அந்தப் பூ மூடியிருக்கும் வரை காற்று ஒயினைத் தொடாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பீப்பாய்களை வரிசை மேல் வரிசையாக அடுக்குவார்கள். அடி வரிசையில் மிகப் பழையது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புட்டியில் அடைப்பார்கள். குறைந்த இடத்தை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். அதை அதற்கு மேல் வரிசையிலிருந்து. எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதே இல்லை. எத்தனை வருஷம் போனாலும் முதல் ஒயினின் ஒரு துளியாவது அதில் இருந்துகொண்டே இருக்கும்.

நம் வீட்டு உறை மோர் இப்படித்தானே? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. பாட்டி ஊற்றிய உறை பேத்தியின் சட்டிவரை வந்துவிடுகிறது!

வெயிலில் காயும் உறவினர்

இனி நம் பன்னீரின் சொந்த உறவைப் பார்ப்போம்.

மலாகாவின் மலைச்சரிவுகளில் மொஸ்கத்தேல் வளர்கிறது. சரிவு அதிகமானதால் இயந்திரம் ஏறாது. கையால் பறித்துச் சுமந்து வருகிறார்கள். பழத்தை வெயில் விழும் சரிவான களங்களில் பரப்பிக் காய வைக்கிறார்கள். ராத்திரி பனி விழுந்தால் மூடுகிறார்கள், காலையில் திறக்கிறார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் கொத்து கொத்தாகக் கையால் திருப்பிப் போடுகிறார்கள். மிளகாய் வற்றல் காயப்போடும் நம் ஊர்க் களத்து வேலையேதான்!

இந்த உலர்ந்த திராட்சையில் கொட்டை உண்டு. ஆனாலும் மணத்துக்காக அதைத் தேடி வாங்குகிறார்கள். 1878ல் பைலாக்சரா என்னும் பூச்சி மலாகாவின் கொடிகளை வேரோடு அழித்தது. மக்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனார்கள். பிறகு அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பழைய கொடியை ஒட்டுக்கட்டித் தொழிலை மீட்டார்கள். 2017ல் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, விவசாய நிறுவனம் மலாகாவின் இந்த உலர்திராட்சை விவசாயத்தை உலகப் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக அங்கீகரித்தது.

பக்கத்திலேயே மோன்டில்யா பகுதியில் "பெட்ரோ ஹிமேனெஸ்" என்ற வெள்ளைப் பழத்தையும் இவ்வாறே வெயிலில் வாட்டிப் பிழிகிறார்கள். அந்த ஒயின் வெள்ளைப் பழத்தில் பிறந்தும் கருப்பட்டிப் பாகு போலக் கறுத்து இனிக்கும்.

ஒயினாக்காமல், உலர்த்தாமல், பழத்தைப் பழமாகவே காக்கும் வித்தையும் அங்கே உண்டு. ஸ்பெயினில் டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில் மணி 12 அடிக்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சையாக 12 வாயில் போடுவார்கள். போட்டு முடித்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. டிசம்பரில் பழம் வேண்டுமே? அலிகாந்தே பகுதியில் கொடியில் இருக்கும்போதே ஒவ்வொரு கொத்துக்கும் காகிதப் பை மாட்டி, வருஷக் கடைசி வரை காப்பாற்றுகிறார்கள்!

பால்கோவா சொல்லும் பாடம்

இதையெல்லாம் படிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர், "இதில் என்ன அதிசயம்? நாங்கள் செய்யாததா?" என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான்.

பால் திராட்சையைவிட மோசம். காலையில் கறந்தது மாலைக்குள் திரிந்துவிடும். அந்தப் பாலைப் பெரிய சட்டியில் ஊற்றி, சர்க்கரை சேர்த்து, விறகடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்டவைத்தார்கள். காத்திருக்காத பால், பல நாள் காத்திருக்கும் பால்கோவா ஆயிற்று. ஆண்டாள் கோவிலுக்கு வந்தவர்கள் பிரசாதம்போல் வாங்கிப் போனார்கள். ஊர் பெயரே சரக்கின் பெயர் ஆயிற்று. 2019ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஹெரெஸ் பீப்பாயும் மலாகா களமும் ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்பும் செய்வது ஒரே வேலைதான். கெட்டுப்போகும் பொருளுக்கு ஆயுளைக் கொடுக்கின்றன. ஆயுள் கிடைத்தபின்தான் விலை கிடைக்கிறது. பால்காரர் விலையைக் கேட்டு நின்றார். பால்கோவாக்காரர் விலையைச் சொல்லி விற்கிறார்.

குமாரசாமி ராஜா ஊரில் ஒயின் பேச்சா?

ஒயினைப் பற்றி இவ்வளவு எழுதுவதால் குடிக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

ராஜபாளையம், பி.எஸ்.குமாரசாமி ராஜாவின் ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்தவர். தம் வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்தவர். அவர் பதவியில் இருந்த நாட்களில் ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு. 1937ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது, 1948ல் மாகாணம் முழுவதும் பரவி, 1971 வரை நீடித்தது. பிறகு 1974ல் திரும்ப வந்து, 1981ல் மறுபடியும் போயிற்று.

மது குடும்பங்களைக் கெடுப்பது நாம் கண்ணால் காணும் உண்மை. ஒயின் மட்டும் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உலவுகிறது. குடியில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்பெயினிடம் நாம் கற்கவேண்டியது குடிப்பதை அல்ல. பழத்தை மதிப்பதை!

கம்பத்துக்கு என்ன வழி?

ஸ்பெயினில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்கு உறக்கமே இல்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும்; சுமார் நான்கு மாதத்தில் பழம். ஆகையால் தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றிக் கவாத்து செய்து, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பழம் அனுப்புகிறார்கள். இது உலகத்தில் எல்லா ஊருக்கும் கிடைக்காத பாக்கியம்.

ஆனால் இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். ராஜபாளையத்தார் அதில் கைதேர்ந்தவர்கள். திராட்சை அப்படி அல்ல. கொடியிலிருந்து பிரிந்த பிறகு அது இனிப்பாவதே இல்லை. பழுக்கும் முன் பறிக்கவும் முடியாது. பழுத்தபின் வைத்திருக்கவும் முடியாது. வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தாகவேண்டும். கவாத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் செலவழித்த விவசாயி அந்த ஒரு வாரத்தில் ஜெயிக்கிறார் அல்லது தோற்கிறார்.

வழி இல்லாமல் இல்லை. பழரசமாக்கலாம். உலர்த்தலாம். கொட்டையுள்ள மொஸ்கத்தேல் உலர்திராட்சைக்கு உலகம் மரியாதை கொடுக்கும்போது, அதன் வாரிசான பன்னீரை முயன்று பார்ப்பதில் தவறில்லை. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆலோசனைக்கு இடம் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெயர். ஸ்பெயினில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கழகம் இருக்கிறது. எந்தப் பழம் போடலாம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதையெல்லாம் அது வகுக்கிறது. தேறிய சரக்குக்கு மட்டும் எண் போட்ட சீட்டு கொடுக்கிறது. அந்தச் சீட்டு புட்டியின் முதுகில் இருக்கும். வாங்குகிறவர் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

பெயர் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஷெர்ரியின் புகழ் உலகறிந்தது. இருந்தும் 1970களுக்குப் பிறகு குடிப்பவர்களின் ருசி மாறவே, ஹெரெஸில் கொடி இருந்த நிலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெயரும் வேண்டும், அந்தப் பெயரைத் தேடி வரும் ஆளும் வேண்டும்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு விவசாயி தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவுச் சான்று பெட்டியில் தூங்கினால் பலன் இல்லை. பழப்பெட்டியின் மேல் "கம்பம் பன்னீர்" என்ற முத்திரை இருக்கவேண்டும். அது தேனியையும் உசிலம்பட்டியையும் சுற்றிக்கொண்டு நம் கடைவீதித் தள்ளுவண்டி வரைக்கும் வந்து சேரவேண்டும்.

தள்ளுவண்டி அண்ணாச்சி அந்த வேலையை இப்போதே செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் முத்திரை இல்லை. சீட்டு இல்லை. "கம்பத்துச் சரக்கு" என்று வாயால் சொல்லியே விற்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்தத் தாயும் அரைக் கிலோ வாங்கிப் போகிறார்.

அடுத்த முறை பன்னீர் திராட்சை வாங்கும்போது எந்த ஊர்ப் பழம் என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் பெருகினால் ஊர்ப் பெயருக்கு விலை வரும். ஊர்ப் பெயருக்கு விலை வந்தால், மலைக்கு அந்தப் பக்கம் பந்தலடியில் குனிந்து நிற்கும் விவசாயி கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.